மூன்றாவது டெஸ்டுக்குக் கிளம்பாத கார்

காலை எட்டரை மணிக்குச் சாவியைத் திருகினேன். கார் மூச்சு விடவில்லை. மறுபடி திருகினேன். டேஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. ரேடியோவில் ஒரு பெண், இன்று முழுக்க நல்ல வெயில் என்று குதூகலமாக அறிவித்தாள். இன்ஜினிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை. மூன்றாவது தடவை திருகியபோது சாவியை ஒடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது எதுவானாலும் அதன் ஆயுள் கம்மி.

பத்து மணிக்கு எனக்கு டிரைவிங் டெஸ்ட். மூன்றாவது தடவை. நான் நர்ஸ். பகல் டியூட்டி, இரவு டியூட்டி என்று மாறி மாறி வார்டில் நடந்தே, குழல் விளக்கு வெளிச்சத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டவள். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது புதிதாக ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள், படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், இவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரி காரை நாமேதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "இந்த வேலை உனக்குத்தான். ஆனா வர்ற திங்கக்கிழமை லைசென்ஸக் கொண்டுவந்து காட்டணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்திடுவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். இன்றைய டெஸ்டை விட்டால் அடுத்த தேதி கிடைக்க ரெண்டு மாசமாவது ஆகும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற வழியில், ஜன்னலை இறக்கிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல், எந்தப் படுக்கை மணியும் அடிக்காமல் ஒரு கால் மணி நேரம். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு லேசாகிவிடும்.

முதல் டெஸ்டில் காரைப் பின்னால் எடுக்கும்போது, டெஸ்ட் அதிகாரி உட்காரப் போட்டிருந்த மடக்கு நாற்காலியை நிரந்தரமாக மடக்கிவிட்டேன். நல்லவேளை, அவர் அதில் இல்லை. இரண்டாவது டெஸ்டில் ஏற்றத்தில் கார் நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. டிரைவிங் ஸ்கூலும் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. சொல்லித்தர வந்தவர் சும்மா சும்மா ஸ்டீரிங்கில் கை வைத்தார். சலைன் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிற நோயாளியின் கையில் போடுவதுபோல் பட்டென்று ஒன்று போட்டேன். அன்றோடு அந்தப் படிப்பு முடிந்தது. அப்புறம் எங்கள் சொந்தக் காரில், என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸ் இல்லாதவள் ஓட்டினால் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவர் இருந்தார். தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தாலே, தன் பக்கம் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டு இருந்தார்.

இரண்டாவது தடவை ஃபெயிலாகி வந்த அன்று இவர் ஒரு வார்த்தை சொன்னார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே." அவ்வளவுதான், என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் வண்டி ஓட்டுவதே இவருக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அதிலிருந்து எங்கள் பேச்சு "சாவி எங்க", "இங்க", "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்ற அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டார்ட் ஆகல!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

இவர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே ஓடி வந்தார். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்கள் மேலே போய்க் கீழே வருவது இவர் தயவில்தான். ஆனால் காரில் ஏதாவது என்றால் மட்டும், "அது மேல கீழ போறது, இது முன்ன பின்ன போறது. ரெண்டும் வேற வேற" என்று கழன்றுகொள்வார்.

"பதட்டப்படாம திருகிப் பாரு" என்றார்.

"பதட்டப்பட்டா இன்ஜினுக்குத் தெரியுமா? நீங்களே வந்து பதட்டப்படாம திருகுங்க."

இவர் உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, மெதுவாகத் திருகினார். விளக்குகள் எரிந்தன. வானிலைப் பெண் இன்னொரு தடவை வெயிலைப் புகழ்ந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

அதற்குள் மாடி வீட்டிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தார். இவருக்கு நேர் இளையவர், செல்போன் கடை வைத்திருக்கிறார். "அண்ணி, அது பேட்டரிதான்!"

"பாக்காமலே எப்படித் தம்பி சொல்றீங்க?"

"எல்லாமே பேட்டரிதான் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவருக்கு உலகத்தில் ஒரே வியாதிதான், சார்ஜ் இல்லாதது. தன் வேனைக் கொண்டுவந்து எங்கள் கார் மூக்கோடு மூக்கு நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மாட்டி, "இப்ப போடுங்க அண்ணே!" என்று பெரிய ஆபரேஷன் டாக்டர் மாதிரி கையைத் தூக்கினார். இவர் திருகினார். ஒன்றுமில்லை.

என் மகள் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அமுக்கினாள். தெருவே அதிர்ந்தது. "செத்த பேட்டரி இப்படிக் கத்துமா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டு, வாய் கொப்பளிக்க உள்ளே போனாள். கொழுந்தன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு, வேனை ஒதுக்கி நிறுத்தினார்.

சுருட்டினாரே தவிர விடவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்பச் செருகினார். செருகியதில் வைப்பர் மட்டும் தானாகக் கிளம்பி, காய்ந்த கண்ணாடியைக் கீச்கீச்சென்று துடைத்தது. மகள் போனோடு திரும்பி வந்து யாரோ ஒருவர் பேசும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "கியர் நியூட்ரல்ல இருக்கணுமாம். கிளட்ச்ச முழுசா மிதிக்கணுமாம். பெட்ரோல் இருக்கான்னு பாக்கணுமாம்."

"நியூட்ரல்லதான் இருக்கு. பெட்ரோல் நேத்துதான் போட்டேன். கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு என் முட்டியே கழண்டுடும் போல இருக்கு. அந்த ஆளை வேற ஏதாவது சொல்லச் சொல்லு."

"வேற ஒண்ணும் சொல்லலம்மா. லைக் போடச் சொல்றாரு."

"தள்ளி விட்டா எடுத்துக்கும் அண்ணி" என்றார் கொழுந்தன், அடுத்த மருந்தோடு.

"தள்ளி விடுவீங்க. எடுத்துக்கும். அங்க போனதும் அந்த அதிகாரி, 'வண்டிய ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கம்மா'ன்னுதான் முதல் வார்த்தையே சொல்வார். அப்ப யாரு தள்ளுறது, அவரா?"

கொழுந்தன் தன் வேனைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் வேனைக் கொடுங்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் அது கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். அதில் டெஸ்ட் கொடுத்தால் அந்த வகைக்கு மட்டும்தான் லைசென்ஸ் தருவார்கள். ஆஸ்பத்திரி கார்கள் எல்லாமே கியர் வண்டி. ஆக, நான் பழகிய இந்தக் கார் கிளம்பினால்தான் எனக்கு வாழ்வு. மணியைப் பார்த்தேன். ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பேக்கரி அண்ணன் வேலை முடிந்து வந்தார். இரவெல்லாம் அடுப்படியில் நின்று, விடிந்ததும் கை முழுக்க மாவோடு வீட்டுக்கு வருபவர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால், உட்காரும் முன் நாங்கள் நாற்காலியின் கால்களை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். அத்தனை பெரிய உடம்பு, அதில் பாதி மனசு.

"என்ன சிஸ்டர், இன்னிக்குத்தானே டெஸ்ட்? ஏன் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னோம். "நான் ஒரு தடவை பாக்கட்டா?" என்று கேட்டு, சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாவியைத் திருகினார்.

இன்ஜின் ஜம்மென்று கிளம்பியது.

நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மகள் குதித்தாள். கொழுந்தன், "நான் ஃபியூஸ சரி பண்ணதுனாலதான்" என்றார். பேக்கரி அண்ணனுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. ஆஃப் செய்துவிட்டு மறுபடி திருகினார். கிளம்பியது. "இங்க குடுங்க" என்று கொழுந்தன் அவரை இறக்கிவிட்டு ஆஃப் செய்து திருகினார். கப்சிப். இவர் உட்கார்ந்து திருகினார். கப்சிப். மறுபடி பேக்கரி அண்ணன் உட்கார்ந்தார். ஜம்மென்று கிளம்பியது.

"அண்ணே, உங்க கை ராசி" என்றார் கொழுந்தன் பயபக்தியோடு. "பேசாம நீங்களும் டெஸ்டுக்குக் கூடப் போயிடுங்க."

"போலாம். ஆனா அதிகாரி கேட்டா நான் யாருன்னு சொல்றது?"

"காரோட ஸ்பேர் பார்ட்னு சொல்லுங்க" என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுவோம், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று அவரை இறக்கிவிட்டு நான் ஏறினேன். கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன். தகரத்தைச் சுரண்டுவதுபோல் கர்ர்ரென்று ஒரு சத்தம். கார் ஒரு எம்பு எம்பி, கேட்டைத் தாண்டும் முன்பே நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லா இருந்த ஆளை நான் கொன்றுவிட்ட மாதிரி.

"அண்ணி, கிளட்ச்ச இன்னும் கொஞ்சம் நல்லா..." என்று ஆரம்பித்தார் கொழுந்தன்.

"யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றேன்.

வைப்பர் மட்டும் கீச்கீச்சென்று பேசிக்கொண்டிருந்தது. நான் சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

வார்டில் இது நான் தினமும் பார்க்கிற கூத்துதான். ஒருத்தர் மயங்கி விழுந்தால் சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருத்தர் தண்ணீர் தெளி என்பார், ஒருத்தர் காலைத் தூக்கு என்பார். நேற்று வரைக்கும் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அதைத்தான் முதலில் கேட்பேன். அதுவரை நல்லா இருந்தவருக்குப் புதிதாக ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கும். கேட்டால் உடனே சொல்லவும் மாட்டார்கள். "மருந்தெல்லாம் ஒண்ணும் எடுத்துக்கல சிஸ்டர்" என்று சாதிப்பார்கள். துருவித் துருவிக் கேட்டால், "தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போட்டேன், அதெல்லாம் மருந்தா?" என்பார்கள். ஆளை விழத்தட்டியது அதுவாகத்தான் இருக்கும். இத்தனை நேரம் என் கார் என்பதால் நானும் சொந்தக்காரி மாதிரியே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"நேத்து சாயந்தரம் நான் ஓட்டிட்டு வந்து நிறுத்தினப்ப வண்டி நல்லா இருந்தது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அதுக்கப்புறம் இந்த வண்டியத் தொட்டது யார் யாரு? உண்மையச் சொல்லணும்."

கொழுந்தன் முதலில் கையைத் தூக்கினார். "டயருக்குக் காத்து அடிச்சேன் அண்ணி. டெஸ்டுக்குப் போறீங்களேன்னு."

"நான் உள்ள சென்ட் அடிச்சேன்" என்றாள் மகள். "அந்த ஆளுக்கு நல்ல மூடு வரட்டும்னு."

"நான் தொடவே இல்ல சிஸ்டர். ராத்திரி வேலைக்குப் போறப்ப ஒரு பன் பொட்டலம் மட்டும் பின் சீட்ல வெச்சேன், வழியில சாப்பிட" என்றார் பேக்கரி அண்ணன்.

கோபத்துக்கு நடுவிலும் எனக்கு என்னவோ செய்தது. ராத்திரியெல்லாம் ஆளாளுக்கு வந்து என் காரை அலங்கரித்திருக்கிறார்கள். இவரைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார்.

"நீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

நாற்பது படுக்கை வார்டில் இந்தக் குரலை நான் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காட்டுவேன். தூக்க மாத்திரை போட்டவரின் குரல் அது. என் தலைக்குள் எல்லாம் ஒன்று சேர்ந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றவர் இவர். கட்டடத்தையே தூக்கி இறக்கும் மெக்கானிக்குக்கு ஒரு காரைக் கிளம்பாமல் செய்யத் தெரியாதா?

"உங்களுக்கு நான் ஓட்டக் கூடாது. அதானே? நேரா சொல்லியிருக்கலாம். வண்டிய என்ன பண்ணீங்க?" எல்லோர் முன்னாலும் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. சத்தியமா. அது ஒண்ணுமே இல்ல. கால்மிதி மட்டும் மாத்தினேன். அதுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன கால்மிதி?"

"டிரைவர் சீட்டுக்குக் கீழ போடுறது. பழசுல ஒரு ஓட்டை இருந்துச்சு. வருஷக்கணக்கா நான் குதிகாலை ஊனி ஊனி விழுந்த ஓட்டை. போன தடவை நீ ஏத்தத்துல நின்னுட்டியே, அன்னிக்கு நான் வெளிய நின்னு பாத்துட்டிருந்தேன். திரும்பி வந்ததும் உன் ஷூவப் பாத்தேன். குதிகால்ல ரப்பர் பிஞ்சு ஒட்டியிருந்துச்சு. உன் கால் அந்த ஓட்டையில மாட்டியிருக்கு. நீ ஒண்ணும் தப்பா ஓட்டல. என் ஓட்டைதான் உன்னை ஃபெயிலாக்கிச்சு." இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதச் சொல்ல வாய் வரல. எங்கியோ தேடி, நேத்துதான் இருக்கிறதிலேயே நல்ல தடிமனா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நீ தூங்கினதும் போட்டேன்."

"அப்ப அடுத்த வருஷம்னு சொன்னது?"

"அன்னிக்கு நீ முகத்தைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருந்தியா, எனக்குப் பாக்க முடியல. கொஞ்ச நாள் விட்டுப் போலாமேன்னு சொல்ல வந்தேன். வாயில வருஷம்னு வந்துடுச்சு."

இந்த மனிதர் மேல் நான் எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நிமிஷம் கார் கிளம்பாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணம் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

"சரி, கால்மிதிக்கும் இன்ஜினுக்கும் ஒண்ணும் இல்லதான்" என்று கொழுந்தன் பானெட்டை மறுபடி தூக்கப் போனார். "ஸ்டார்ட்டர் மோட்டாரத் தட்டிப் பாப்போம்."

"இரு" என்றார் இவர்.

இவர் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. லிஃப்ட் வேலையில் ஏதாவது மண்டையில் பொறி தட்டினால் இப்படித்தான் நிற்பார், சோற்றைப் பிசைந்த கையோடுகூட நிற்பார். "ஒரு லிஃப்ட் நகரலேன்னா நாங்க மோட்டாரப் பாக்க மாட்டோம். முதல்ல கதவைத்தான் பாப்போம். கதவு முழுசா மூடினாதான் லிஃப்ட் அசையும். கீழ ஒரு சின்னக் கல்லு கிடந்தா போதும், பாக்கறதுக்கு மூடின மாதிரிதான் இருக்கும். ஆனா கடைசி நூலளவு மூடியிருக்காது. சுவிட்ச் ஒத்துக்காது." மகள் பக்கம் திரும்பினார். "அந்த வீடியோக்காரர் கிளட்ச்ச என்ன பண்ணச் சொன்னார்?"

"முழுசா மிதிக்கச் சொன்னாருப்பா."

"முழுசா மிதிச்சோமா? கிளட்ச்சுக்கு அடியிலயும் அதே மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கணும்."

இத்தனை நேரம் நான் எதை மிதித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெடல் போய் இடிக்கும் இடத்தில் மெத்துமெத்தென்று இருந்தது. அது புதுக் கால்மிதி. நான் தரை என்றே நினைத்துவிட்டேன். பேக்கரி அண்ணனின் காலுக்கு மட்டும் அந்த மெத்தை நசுங்கி வழிவிட்டிருக்கிறது.

"கை ராசி இல்ல அண்ணே, கால் எடை" என்றேன். அவர் தன் காலைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

இவர் அதற்குள் கார் கதவைத் திறந்து, போட்டிருந்த நல்ல சட்டையோடு தலைகீழாக உள்ளே கவிழ்ந்துவிட்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பெடல்களுக்கு அடியில் இழுத்தார், முனகினார், இழுத்தார். கால்மிதி புதுசு, ரப்பர் பிடி விடவில்லை. பேக்கரி அண்ணன் இவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கொழுந்தன் இவர் காலைப் பிடித்துக்கொள்ள, ஒரு வழியாக அது வெளியே வந்தது. குழந்தையைப் படுக்க வைக்கலாம், அத்தனை தடிமன்.

நான் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தேன். கால் காலையிலிருந்து இடித்து நின்ற இடத்தைத் தாண்டி, இன்னும் ஓர் அங்குலம் கீழே போனது. அடியில் எங்கோ டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். சாவியைத் திருகினேன்.

வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. ஆஃப் செய்தேன், திருகினேன், கிளம்பியது. மறுபடி ஆஃப் செய்தேன். "போதும் சிஸ்டர், கண்ணு பட்டுடும், கிளம்புங்க!" என்று பேக்கரி அண்ணன் கத்தினார். மகள் இவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, முன் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வைப்பரை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் கொழுந்தன் அதன் ஃபியூஸையே பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது மழை வந்தாதான் வேணும் அண்ணி. இன்னிக்கு வெயில்னு ரேடியோவிலேயே சொல்லிட்டாங்க."

வழியெல்லாம் நாங்கள் பேசினோம். இத்தனை நாள் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினோம். இவர் தன் பக்கத்து இல்லாத பிரேக்கை வழக்கம்போல் மிதித்தார். நான் வழக்கம்போல் திட்டினேன். திட்டுவது எத்தனை சுகமாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

டெஸ்ட் மைதானத்தில் அதே அதிகாரிதான். உதட்டை எப்போதும் இறுக்கி மூடியிருப்பார், நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்த மாதிரி. இவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே என் நாற்காலிய..."

"நான்தான் சார்."

"இப்ப நான் நாற்காலியே போடுறதில்ல" என்றார். அது ஜோக்கா இல்லையா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

கிளட்ச்சை அடி வரைக்கும் மிதித்தேன். ஒரே திருகலில் கிளம்பியது, நான் அந்தச் சத்தத்தைக் காது குளிரக் கேட்டுக்கொண்டேன். பின்னால் எடுத்து நிறுத்தினேன், ஒன்றையும் இடிக்கவில்லை. வளைவில் சிக்னல் போட்டேன். அப்புறம் அந்த ஏற்றம் வந்தது. பாதியில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். "எடுங்க" என்றார்.

குதிகாலை வெறும் தரையில் ஊன்றினேன். கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டேன். இன்ஜின் லேசாக அடங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டது. கை பிரேக்கை இறக்கினேன். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. கார் தன்பாட்டில் ஏறியது. நான் "ஏறுது, ஏறுது!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அதிகாரி குனிந்து எதையோ எழுதினார். எழுதும்போது அந்தத் தெர்மாமீட்டர் வாய் ஒரு ஓரமாக வளைந்ததை நான் பார்த்தேன். "ஏறணும்னுதானேம்மா இவ்வளவும்" என்றார்.

வெளியே இவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி வருவதற்குள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். இவர் கண் நிறைந்துவிட்டது. "பாஸ்" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு அவர் சட்டையிலேயே என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். எப்படியும் அது ஏற்கெனவே அழுக்கான சட்டைதான்.

ஆபீஸில் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்து, கார் கதவைத் திறந்து நான் உட்கார்ந்தேன். இவர் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றார்.

"இனிமே பக்கத்துல ஆள் இருக்கணும்னு சட்டம் இல்லல்ல?"

"இல்ல. அதுக்கென்ன?"

"அப்ப நீ போ. நான் பஸ்ல வரேன்."

"பைத்தியமா உங்களுக்கு? ஏறுங்க."

"நீ எத்தனை வருஷமா தனியா ஓட்டணும்னு சொல்லிட்டிருக்க. ஜன்னல இறக்கிவிட்டுட்டு, யாரும் இல்லாம. நான் இருந்தா அது வராது. நான் பிரேக்க மிதிச்சுட்டே இருப்பேன். போ, போய் ஓட்டு." சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

நான் ஜன்னலை இறக்கினேன். மைதானத்தைவிட்டு வெளியே வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நீளமான சாலையில் திருப்பினேன். காற்று முகத்தில் அடித்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. எந்த மணியும் அடிக்கவில்லை. நான் பாடினேன். எனக்குப் பாட வராது, வார்டில் தூங்குகிறவர்களையே எழுப்பிவிடும் குரல். யார் கேட்கப்போகிறார்கள்? மூன்றாவது கியர், நாலாவது கியர், மறுபடி மூன்று. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து லாரிக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். அவருக்குக் கை ஆட்டினேன். அவரும் கொஞ்சம் தயங்கிவிட்டு ஆட்டினார்.

ஒரு சுற்று சுற்றி வந்தபோது, இவர் இன்னும் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு பக்கம் இன்னும் தூசி. பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், தன் மனைவி பாஸான கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும், கையால் ஏற்றத்தை வரைந்து காட்டினார். நான் அவர் முன்னால் போய் நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. நானும் பதிலுக்கு அடித்தேன்.

"என்னம்மா, வழி மறந்துட்டியா?" என்றார்.

"தனியா ஓட்டிப் பாத்தாச்சு. ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "ஏறுங்க. அந்த பிரேக்க மிதிக்க ஆள் இல்லாம எனக்குத் திட்டவே வரல."